எண்பத்தேழு வோல்ட் நிலுவை

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, நான் வேலை பார்த்த நூற்பாலையிலிருந்து சரவணன் என்ற இளம் மின் பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வுபெற்ற பிறகு சேர்ந்தவர். அவருக்கு இரண்டு சந்தேகங்கள். எலக்ட்ரிகல் பிரிவில் இருக்கும் எட்டு மஞ்சள் டிஜிட்டல் மீட்டர்களுக்கும் முதுகில் ஏன் திமில் மாதிரி ஒரு கட்டியும் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தானும் இருக்கின்றன என்பது முதலாவது. அடுத்தது ஷிப்ட் ரிஜிஸ்டர் பற்றியது. அதை இப்போது கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்களாம். அதில் ‘நிலுவை’ என்ற பத்தியில் தினமும் மூன்று ஷிப்டிலும் ‘87 வோல்ட்’ என்று ஒரு வரி வருகிறது.

“அது எங்கேருந்து சார் வரணும்?” என்று கேட்டார்.

“வரவேண்டியது இல்லை தம்பி, போகவேண்டியது. போன்ல சொன்னாப் புரியாது, எழுதித் தாரேன்” என்றேன்.

அப்படித்தான் இதை எழுதத் தொடங்கினேன். நடுவில் ஒரு நாள் ஆலைக்கே போய்வர நேர்ந்தது. அதையும் சேர்த்திருக்கிறேன். என்னிடம் வருடத்துக்கு ஒன்றாக முப்பத்தொரு டைரிகள் இருப்பதால் எதையும் ஊகித்து எழுத வேண்டியிருக்கவில்லை.

நான் தொழில் பழகிய கதை சுருக்கமானது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம், பயிற்சித் தொழிலாளியாக ஒரு வருடம். மூன்று வருடமும் முள் மீட்டர்தான். முள்ளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும்; முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரியும்படி நேராகக் குனிந்து பார்க்க வேண்டும். அப்படிக் குனிந்து பழகியவனுக்குத் திண்டுக்கல்லுக்கு வெளியே, வத்தலக்குண்டு ரோட்டிலிருந்த நூற்பாலையில் வேலை கிடைத்தது. மின் பிரிவில் பதிமூன்று பேர் இருந்தோம். எங்களுக்குத் தலைவர் ராமசுப்பு சார், மின் பொறியாளர்.

ராமசுப்பு சார் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. தீப்பற்றினாலும் அவர் குரல் ஒரே அளவில்தான் இருக்கும். ஒருமுறை உண்மையிலேயே பற்றியது. பஞ்சு மிஷின் பக்கமிருந்து ஓடிவந்த ஆளிடம் “எந்த இடம், எத்தனை மணிக்கு? எழுதிக் கொடுங்க” என்றார். எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்; எழுந்த பிறகு எங்கள் எல்லோரையும்விட வேகமாக ஓடினார். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். நடந்ததற்கு நீலம், நடக்க வேண்டியதற்குச் சிவப்பு. ஆபத்தான வேலைகளுக்கு அவரே பதினோரு விதிகள் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். அதில் இரண்டை மட்டும் இங்கே சொன்னால் போதும். நான்காம் விதி: ஆபத்தைக் காண்பவர் எவரும் சிவப்பு அட்டையைக் கட்டலாம். ஐந்தாம் விதி: கட்டியவர் மட்டுமே அதை அவிழ்க்க வேண்டும். அட்டையில் கட்டியவர் பெயர் இருக்கும். அந்த அட்டை தொங்கும் வரை அந்த லைனை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. நல்ல விதிகள்தான். எங்கள் ஆலையில் மின்சாரத்தால் ஒருவர்கூடச் சாகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் முள் மீட்டர்கள் ஒவ்வொன்றாகக் கெட்டன. புதிதாக ஒரு நல்ல முள் மீட்டர் வாங்கும் விலைக்கு டிஜிட்டல் மீட்டர் பத்து கிடைக்கும் என்று மார்க்கெட்டிலிருந்த எலக்ட்ரிகல் கடைக்காரர் சொன்னார். பத்து வந்தன. மஞ்சள் நிறம், உள்ளங்கையளவு, ஒரு சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் கனம். ராமசுப்பு சார் அவற்றை மேசையில் வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்தார்.

“முள்ளுன்னா ஆடும், சுந்தரம். ஆளுக்கு ஒண்ணு படிப்பான். இது எண்ணு. இதுல ஆளுக்காளு வித்தியாசம் வராது. மதிப்பீடு பண்ணி எழுதிக் கொடுங்க” என்றார்.

மதிப்பீட்டுக்கு ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் காலை எட்டு மணிக்கு, ஒரே பிளக்கில், ஒரே நிமிடத்துக்குள் பத்து மீட்டரிலும் பார்த்தேன். டைரியில் உள்ளபடி: 229, 231, 228, 233, 230, 230, 227, 241, 232, 229. ஆளுக்காள் வித்தியாசம் போய் மீட்டருக்கு மீட்டர் வித்தியாசம் வந்திருந்தது. ராமசுப்பு சாரிடம் காட்டினேன். அவர் 241-ஐ மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டார்.

என்னோடு வேலை பார்த்த ஆரோக்கியசாமி அந்தத் தாளை எட்டிப் பார்த்தான். ஆத்தூர்ப் பக்கத்துக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன். அவனைப் போல் சுத்தமாக வேலை செய்யும் எலக்ட்ரீசியனை நான் பார்த்ததில்லை. அவன் அப்போது பதிலி. அதாவது, நிரந்தரம் ஆகாமல், தினமும் காலையில் கேட்டில் நின்று, ஆள் வராத இடத்துக்கு உள்ளே கூப்பிடப்படுபவன். பதினோரு வருடம் அப்படி நின்றிருந்தான்.

“சார், இந்த இருநூத்தி நாப்பத்தொண்ண மேனேஜர் ரூம்ல வச்சிருவோம். அவருதான ரூம்ல வோல்டேஜ் கம்மி, ஃபேன் சுத்தலன்னு ஓயாமச் சொல்றாரு” என்றான்.

வேடிக்கையாகத்தான் சொன்னான். ராமசுப்பு சார் அதை நீல மையில் குறித்துக்கொண்டார். மறுநாள் எட்டாம் நம்பர் மீட்டர் மேலாளர் அறை மேசைக்குப் போனது. அதன்பிறகு அந்த அறையிலிருந்து ஃபேன் பற்றிய புகார் வரவில்லை.

இரண்டாம் நாள், சிவப்புக் கம்பியைப் பத்து ஆம்பியர் துளையில் செருகியபடியே ஒருவர் வோல்ட் பார்க்கப் போனார். அந்தத் துளைக்குள் ஃபியூஸ் கிடையாது. ஒரு தடித்த கம்பி மட்டும்தான். மீட்டர் அளக்கவில்லை, வெடித்தது. அந்த ஒருவர் நான்தான். பத்தில் ஒன்று மேலாளரிடம், ஒன்று குப்பையில்; மிச்சம் எட்டு.

மூன்றாம் நாள் பேட்டரி சோதனை. வேண்டுமென்றே பழைய, சாகப்போகிற பேட்டரியைப் போட்டுப் பார்த்தேன். பேட்டரி இறங்க இறங்க மீட்டர் குறைத்துக் காட்டும் என்று நினைத்திருந்தேன். அது கூட்டிக் காட்டியது. 230 இருந்த இடத்தில் 258.

“பசியில கெடக்குறவன் பந்தியப் பார்த்த மாதிரி இருக்கு அண்ணே” என்றான் ஆரோக்கியசாமி.

ஐந்தாம் நாள் அறிக்கை கொடுத்தேன். மூன்று திருத்தங்கள் சொல்லியிருந்தேன். பத்து ஆம்பியர் துளையை எம்-சீல் வைத்து அடைப்பது, ஈர்க்குச்சி மாதிரி இருக்கும் கம்பிகளை மாற்றித் தடித்த ரப்பர் கம்பி போடுவது, பின்மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் சிறு திருகைத் திருப்பி எட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. மூன்றுக்கும் சிவப்பு மையில் அனுமதி வந்தது. எட்டு மீட்டரும் ஒரே எண்ணைக் காட்டிய அன்று ராமசுப்பு சார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வேறு யாருக்கும் அவர் வாங்கிக் கொடுத்ததாக என் டைரியில் இல்லை.

அத்தோடு ஒரு புது உத்தரவும் போட்டார். இனிமேல் எந்த லைனையும் நிறுத்தி ரிப்பேர் வேலைக்கு விடும்போது டிஜிட்டல் மீட்டரில் பார்த்து, வந்த எண்ணை அப்படியே ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். பூஜ்யம் தவிர வேறு எண் வந்தால் அது உயிருள்ள லைன். அதை வேலைக்கு விட்டவர்மேல் நடவடிக்கை.

இதற்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் ஒரு மோட்டாரைக் கழற்ற வேண்டியிருந்தது. பேனலிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள் எண்பது மீட்டர் நீளம். தரையடிக் கால்வாயில் மற்ற கேபிள்களோடு ஒட்டி ஓடியது. ஆரோக்கியசாமி ஃபியூஸ்களை உருவினான், பேனல் பக்கம் கேபிளைக் கழற்றினான், மோட்டார் பக்கமும் கழற்றினான், சிவப்பு அட்டையில் தன் பெயரை எழுதிக் கட்டினான்; அதனால் கணக்குப்படி லைனை வேலைக்கு விட்டவன் அவன்தான். இரண்டு முனைகளும் காற்றில் இருந்தன. அளக்க வேண்டியது என் பொறுப்பு. ஐந்தாம் நம்பர் மீட்டரை வைத்தேன். எண்பத்தேழு காட்டியது.

மூன்று முறை பார்த்தேன். 87, 87, 86.

“அண்ணே, ரெண்டு பக்கமும் அத்துக் கெடக்கு. இதுல எங்கிட்டிருந்து கரண்ட் வரும்?” என்று ஆரோக்கியசாமி கேட்டான். கேட்டுவிட்டுப் புறங்கையால் கம்பியைத் தொட்டான். ஒன்றும் இல்லை. பிறகு மோட்டாரைக் கழற்றப் போய்விட்டான்.

நான் ரிஜிஸ்டரில் ‘87 வோல்ட்’ என்று எழுதினேன். பார்த்ததை எழுதினேன், தவறில்லை. ஆனால் ‘இரு முனையும் கழற்றப்பட்டுள்ளது, தொட்டுப் பார்த்தும் ஒன்றுமில்லை’ என்று இன்னொரு வரி எழுதியிருக்கலாம். அதற்கு ரிஜிஸ்டரில் பத்தி இல்லை என்று எழுதாமல் விட்டேன். என் உத்தியோகக் காலத்தில் நான் செய்த பெரிய பிழை அதுதான்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ராமசுப்பு சார் ரிஜிஸ்டரைப் படித்தார். ஒன்பது மணிக்கு ஆரோக்கியசாமிக்கு மெமோ. உயிருள்ள கம்பியை வேலைக்கு விட்டு, தன் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்கியதாகக் குற்றச்சாட்டு, வெள்ளிக்கிழமை மேலாளர் முன் விசாரணை, அதுவரை சஸ்பெண்ட். ஆரோக்கியசாமியை நிரந்தரமாக்கும் ஆணை அந்த வாரம் மேலாளர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மெமோ உறுதியானால் அந்தத் தாள் திரும்பிப் போய்விடும். மறுபடி கேட்டில் நிற்க வேண்டியதுதான், அதுவும் விட்டால்.

அவன் என்னிடம் கோபிக்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் நின்று மெமோவை இரண்டு தடவை படித்தான்.

“எம்புட்டு அழகா எழுதியிருக்கீக அண்ணே ரிஜிஸ்டர்ல. எட்டும் ஏழும் அச்சடிச்ச மாதிரி இருக்கு” என்றான். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்று மதியமே இன்னொரு சிவப்பு மை உத்தரவு வந்தது. காரணம் தெரியும்வரை, பூஜ்யம் காட்டாத எதையும் யாரும் தொடக் கூடாது. எட்டு மீட்டரோடு நாங்கள் ஆலையைச் சுற்றி வந்தோம். செவ்வாய்க்கிழமை டைரியில் முழுப் பட்டியல் இருக்கிறது. நிறுத்திவைத்த இன்னொரு மோட்டார் கேபிள், 54. ஸ்டோரில் சுருட்டி வைத்திருந்த புது ஒயர், 3. கேன்டீனுக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பி, 11. கேன்டீன் தோசைக்கல், 2. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு அட்டை கட்டினோம். தோசைக்கல்லில் கட்டிய அட்டை கருகிவிட்டதால் தகரத்தில் எழுதிக் கட்டினோம். புதன்கிழமை இரண்டு ஷிப்டும் பன் சாப்பிட்டது. கேன்டீன் மாஸ்டர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஏன்யா, பத்து வருசமா இந்தக் கல்லுல சுடுறேன். எனக்கு ஒரு தடவகூட ஷாக் அடிக்கல. ஒங்க டப்பாவுக்கு மட்டும் எப்படிய்யா அடிக்குது?” என்றார்.

அது நல்ல கேள்வி. அந்த வாரத்தில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி என்றும் சொல்லலாம். அலமாரியில் கடைசியாக மிஞ்சியிருந்த முள் மீட்டரை எடுத்துப் போய் அதே கார்டிங் கேபிளில் வைத்தேன். முள் அசையவே இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முள்ளை நகர்த்தக் கொஞ்சம் மின்சாரம் செலவாக வேண்டும். டிஜிட்டல் மீட்டருக்கு அநேகமாக ஒன்றுமே வேண்டாம். பக்கத்துக் கேபிளில் மின்சாரம் ஓடும்போது, அறுந்து கிடக்கும் கேபிளிலும் அதன் சாயல் கொஞ்சம் படியும். சாயலில் வேலை நடக்காது. ஈயைக்கூட அது கொல்லாது. ஆனால் டிஜிட்டல் மீட்டர் அந்தச் சாயலையும் எண்ணிச் சொல்லிவிடும். எங்கள் மீட்டர் பொய் சொல்லவில்லை. தேவையில்லாத உண்மையைச் சொன்னது, ரிஜிஸ்டரில் நான் செய்ததைப் போலவே.

ராமசுப்பு சாரைக் கேபிளுக்கு அழைத்துப் போனேன். முள் மீட்டரைக் காட்டினேன். “அதுக்குக் கண்ணு மங்கியிருக்கும்” என்றார். பதினைந்து வாட் பல்பை கேபிளில் மாட்டினேன். பல்பு எரியவில்லை, மீட்டரில் 87 போய்ப் பூஜ்யம் வந்தது. பல்பை எடுத்தேன், மறுபடி 87.

“பாத்தீங்களா சார். எறும்பு இழுக்குற அளவுகூட இதுல பலம் இல்ல.”

அவர் இரண்டு தடவை பல்பை மாட்டி எடுக்கச் சொன்னார். பிறகு அமைதியாக, “ஆளு வந்தா ஒளியிறான், போனா வெளிய வர்றான். அப்ப ஒருத்தன் இருக்கான்னுதான அர்த்தம்?” என்றார்.

அவர் சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது என்று டைரியில் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டு அருகிலிருந்த டி.வி. ரிப்பேர் கடையில் ஒரு ரெசிஸ்டர் வாங்கினேன். வெள்ளைப் பீங்கானில் சின்னச் செங்கல் மாதிரி இருக்கும் வகை. ஐந்தாம் நம்பர் மீட்டரைப் பிரித்து, அளக்கும் இரு முனைகளுக்கும் குறுக்கே அதை இணைத்தேன். நடுவில் ஒரு பச்சைப் பொத்தான். பொத்தானை அமுக்கினால் ரெசிஸ்டர் கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். சாயலாக இருந்தால் எண் விழுந்துவிடும். உண்மையான மின்சாரமாக இருந்தால் விழாது. பொத்தானை மூன்று எண்ணுவதற்குள் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ரெசிஸ்டர் சுடும். பெட்டிக்குள் அது அடங்கவில்லை. முதுகில் ஓட்டை போட்டு வெளியே ஒட்டி, மேலே எம்-சீல் பூசினேன். அதுதான் சரவணன் கேட்ட திமில். கேபிளில் 87. பொத்தானை அமுக்கினேன், 0. பிளக்கில் 230. அமுக்கினேன், 230.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேலாளர் அறையில் நான்கு பேர் இருந்தோம். மேலாளர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். பருத்தி தெரியும், மின்சாரம் தெரியாது. அதை மறைக்கவும் மாட்டார். அவர் மேசையில் எட்டாம் நம்பர் மீட்டர் 241 காட்டியபடி இருந்தது. கதவோரம் ஆரோக்கியசாமி இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான்.

“ஏனுங்க சுந்தரம், அந்தக் கம்பியில கரண்ட் இருந்துச்சுங்களா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க” என்றார் மேலாளர்.

“எண்பத்தேழு வோல்ட் இருந்துச்சு சார். கரண்ட் இல்ல.”

“சம்சாரம் இருக்குது, கல்யாணம் ஆகலேங்கறீங்க.”

நான் திமில் மீட்டரைக் காட்டி விளக்கினேன். ராமசுப்பு சார் கையை உயர்த்தினார்.

“சார், அந்த மீட்டரை அவரே பிரிச்சு அவரே மாத்தியிருக்காரு. பொத்தானை அமுக்குனா பூஜ்யம் வர்ற மாதிரி யாரும் செய்யலாம். எண்ணை மறுக்கணும்னா பிரிக்காத மீட்டர்ல எண்ணு காட்டணும்.”

நியாயமான ஆட்சேபம். அந்த அறையில் பிரிக்காத மீட்டர் ஒன்றுதான் இருந்தது. மேலாளரிடம் அனுமதி கேட்டு எட்டாம் நம்பரைப் பிளக்கிலிருந்து எடுத்தேன். கறுப்பு முனையைச் சுவர்ப் பிளக்கின் எர்த் துளையில் வைத்தேன். சிவப்பு முனையை ராமசுப்பு சாரிடம் நீட்டினேன்.

“உலோகத்த விரலால பிடிங்க சார்.”

அவர் ரப்பர் செருப்புப் போட்டிருந்தார். தலைக்கு மேல் ஃபேன், டியூப் லைட். மீட்டரில் 6 வந்தது.

“எத்தனைங்க?” என்றார் மேலாளர்.

“ஆறு வோல்ட் சார்.”

“நம்ம இன்ஜினியர் மேலயுங்களா?”

கதவோரம் இருந்த ஆரோக்கியசாமி தொண்டையைச் செருமினான்.

“சார், உத்தரவுப்படி பாத்தா இன்ஜினியர் சார் இப்ப உயிருள்ள லைனு. அவர யாரும் தொடக் கூடாது. எங்கிட்ட ஒரு அட்டை இருக்கு” என்றான். விசாரணையில் காட்ட அவன் ஒரு சிவப்பு அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

மேலாளர் சிரிக்கத் தொடங்கினார். ராமசுப்பு சார் சிரிக்கவில்லை. கையிலிருந்த சிவப்பு முனையையும், மீட்டரையும், தான் போட்ட உத்தரவின் நகலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆரோக்கியசாமியிடம், “பெயர் எழுதிக் கட்டுங்க” என்றார்.

ஆரோக்கியசாமி பெயர் எழுதி, அவர் சட்டையின் இரண்டாம் பொத்தானில், உடம்பில் விரல் படாமல், கட்டினான். நான் திமில் மீட்டரை எடுத்து அதே போலப் பிடிக்கச் சொன்னேன். அதிலும் ஆறு. பச்சைப் பொத்தானை அமுக்கினேன். பூஜ்யம். விட்டேன், ஆறு. ராமசுப்பு சார் மூன்று தடவை அமுக்கச் சொன்னார். மூன்றாவது தடவை பொத்தானைத் தானே அமுக்கினார்.

“எனக்கு ஒண்ணும் தெரியல. வந்ததும் தெரியல, போனதும் தெரியல” என்று தணிந்த குரலில் சொன்னார். பிறகு நீலப் பேனாவை எடுத்தார். “அப்ப அந்த எண்பத்தேழும் இந்த ஆறும் ஒரே சாதி. எழுதிக்கிறேன்.”

“முடிஞ்சுதுங்க. ஆரோக்கியசாமி, அந்த அட்டையக் கழட்டுங்க” என்றார் மேலாளர்.

“எனக்கு அதிகாரம் இல்ல சார். நான் சஸ்பெண்ட்ல இருக்கேன்.”

“அப்ப நீங்களே கழட்டிக்கலாமுங்களே” என்றார் ராமசுப்பு சாரிடம்.

“கட்டுனவர்தான் அவுக்கணும் சார். அஞ்சாம் விதி.”

“ஏனுங்க, சஸ்பெண்ட்ல இருக்கறவரு கட்ட மட்டும் எப்படிங்க கட்டுனாரு?”

“ஆபத்தைப் பாத்தவங்க யாரும் கட்டலாம் சார். நாலாம் விதி.”

மேலாளர் எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். கார்டிங் கேபிளிலும் ஆரோக்கியசாமி பெயரில் ஓர் அட்டை ஐந்து நாளாகத் தொங்குகிறது, அந்த மிஷின் அதனால்தான் நிற்கிறது என்பதையும் நான் அப்போது நினைவுபடுத்தினேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. உடனே டைப்பிஸ்டைக் கூப்பிடச் சொன்னார்.

சஸ்பெண்டை ரத்து செய்யும் ஆணையை ராமசுப்பு சாரே சொல்ல, டைப்பிஸ்ட் அடித்தார். நெஞ்சில் ‘ஆபத்து – தொடாதே’ என்று அட்டை தொங்க, வழக்கமான குரலில், நிறுத்தற்குறிகளோடு சொன்னார். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. ‘மேற்படி கேபிளில் 87 வோல்ட் இருந்தது பதிவாகியுள்ளது எனினும், அந்த வோல்ட் வேலை செய்யும் நிலையில் இல்லாததால், அதை வேலைக்கு விட்டதாகக் கூறப்பட்ட குற்றச்சாட்டு திரும்பப் பெறப்படுகிறது.’ மேலாளர் கையெழுத்திட்டார். ஆரோக்கியசாமி ஆணையை முழுவதும் படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துவிட்டு, அப்புறம்தான் அட்டையை அவிழ்த்தான். அப்போது மணி பன்னிரண்டு பத்து. மேசையிலிருந்த நிரந்தர ஆணை திரும்பிப் போகவில்லை; அடுத்த மாதம் அவன் கைக்கு வந்தது.

கார்டிங் மிஷின் மாலையில் ஓடியது. மறுநாள் தோசை வந்தது. மற்ற ஏழு மீட்டருக்கும் திமில் வைத்தேன்.

ஆனால் ரிஜிஸ்டரில் அந்த வரி இருந்தது. எங்கள் ரிஜிஸ்டர் முறைப்படி, முடியாத விஷயங்கள் நிலுவைப் பத்தியில் எழுதப்பட்டு, அடுத்த ஷிப்டுக்குக் கைமாறும். முடிந்தால் ‘எடுத்த நடவடிக்கை’ என்ற பத்தியில் எழுத வேண்டும். எண்பத்தேழு வோல்ட்டுக்கு யாரும் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை, எடுக்கவும் ஒன்றுமில்லை. “அந்த வரிய அடிச்சிருவோமா?” என்று ராமசுப்பு சார் கேட்டார். எழுதியவன்தான் அடிக்க வேண்டும். அடித்தால் நான் பார்க்கவில்லை என்று ஆகும். பார்த்தேனே. “முடியாது சார்” என்றேன். அவர் தலையாட்டினார். வரி அடுத்த ஷிப்டுக்குப் போனது.

சில வருடம் கழித்து ராமசுப்பு சார் ஓய்வுபெற்றார். கடைசி நாள் மாலை, பூமாலையைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்து, ஐந்தாம் நம்பர் மீட்டரைக் கொண்டுவரச் சொன்னார். பிடித்துப் பார்த்தார். நான்கு வந்தது.

“ரெண்டு வோல்ட் கொறஞ்சிருக்கு, சுந்தரம்” என்றார். “எழுதி வச்சுக்கங்க.”

எழுதி வைத்திருக்கிறேன்.

இனி, சென்ற புதன்கிழமை. சரவணனுக்கு எழுத உட்கார்ந்து இந்த இடம்வரை வந்ததும், அந்த வரியை நானே போய் அடித்துவிடலாம் என்று தோன்றியது. கம்ப்யூட்டருக்கு மாறும் நேரத்தில் அதைச் சுமக்க வைப்பது நியாயமில்லை. காலை பத்து மணி பஸ்ஸில் போனேன். எலக்ட்ரிகல் அறையில் சரவணனும் ஆரோக்கியசாமியும் இருந்தார்கள். ஆரோக்கியசாமி இப்போது ஃபோர்மேன், காதோரம் நரைத்துவிட்டது. அந்தக் கார்டிங் கேபிள் பிடுங்கப்பட்டு நான்கு வருடம் ஆகிறது என்று சொன்னான்.

ரிஜிஸ்டரைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினேன். பக்கம் பக்கமாகப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. ஆரோக்கியசாமியின் ஷிப்டுகளில் எல்லாம் அந்த வரி மற்ற வரிகளைவிட நிறுத்தி எழுதப்பட்டிருந்தது. எட்டும் ஏழும் அச்சடித்த மாதிரி இருந்தன.

“அடிச்சிராதீக அண்ணே” என்றான் ஆரோக்கியசாமி.

“ஏம்ப்பா? கேபிளே இல்லையே.”

“அத அடிச்சிட்டா, நான் எதுக்கு சஸ்பெண்ட் ஆனேன், எதுக்குத் திரும்ப வந்தேன்னு எவனுக்கும் தெரியாது. வீட்டுல அந்த ஆர்டர லேமினேசன் பண்ணி வச்சிருக்கேன். அதுல ‘பதிவாகியுள்ளது’ன்னு இருக்கு. இங்க பதிவு இல்லன்னா அது எப்படி நிக்கும்?”

பேனாவை மூடினேன்.

சரவணன் பொறுமையானவர். கம்ப்யூட்டரில் நிலுவைப் பக்கத்தைத் திறந்து, ‘87 வோல்ட்’ என்று அடித்தார். பொறுப்பாளர் யார் என்று அது கேட்டது. ஆரோக்கியசாமி தன் பெயரைச் சொன்னான். முடிக்க வேண்டிய தேதி என்று அடுத்த கட்டம் கேட்டது. காலியாக விட்டால் மேலே நகரவில்லை. ஆரோக்கியசாமி தன் ஓய்வுநாளைச் சொன்னான்.

“அதுக்கப்புறம் இது யார்கிட்ட போகும் சார்?” என்று சரவணன் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

பிறகு திரும்பிப் பார்த்தார். நாங்கள் இருவரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.